பழைய மிலிட்டரி லாரி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நெல்லைச் சீமையில் பனங்காட்டு ஓரத்திலோ செங்கற்சூளைக்குப் பின்னாலோ இரண்டாம் உலகப்போர்க் காலத்து லாரி ஒன்று கண்ணில் பட்டால், நிற்பது ஒரே வண்டி என்று நினைக்காதீர்கள். போர் முடிந்து டிஸ்போசலில் (ராணுவ உபரி விற்பனையில்) விற்றபின் அதைப் பத்துப் பட்டறைகள் பார்த்திருக்கும். கேபின் ஒரு வண்டியினுடையது, எஞ்சின் இன்னொன்று, பின் ஆக்சில் ஹவுசிங் மூன்றாவது. "இந்த லாரிக்கு என்ன செட்டிங்?" என்று கேட்டால் தப்பான பதில்தான் கிடைக்கும். "இந்த உறுப்பு எதிலிருந்து வந்தது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

விற்பவர் "பர்மா போன வண்டி அண்ணாச்சி" என்கிறார். வண்டி வேறு சொல்கிறது

பர்மா கதை எல்லா வண்டிக்கும் உண்டு. டேப்பை எடுங்கள். முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை, இரண்டு பக்கமும் அளக்கவும். பின்னால் இரட்டை ஆக்சில் என்றால் இரண்டு ஆக்சிலுக்கும் நடுப்புள்ளி வரை. 80 அங்குலம் என்றால் ஜீப். 98 என்றால் டாட்ஜ் முக்கால் டன் டபிள்யூசி-51 அல்லது வின்ச் வைத்த 52. 101 என்றால் கனடாவில் செய்த ராணுவ மாடல், ஷெவ்ரலே சி15ஏ போன்றது. அதே கனடா வகையில் 134 வந்தால் சி30 அல்லது சி60எஸ், 158 வந்தால் சி60எல். ஆறு சக்கர ஜிஎம்சி 145 அல்லது 164. இடதுக்கும் வலதுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாடலை அப்புறம் பார்க்கலாம். வில் பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது.

கனடா வண்டியின் பெயர் ஒரு சுருக்கெழுத்து. முதல் எழுத்து கம்பெனி: சி என்றால் ஷெவ்ரலே, எஃப் என்றால் ஃபோர்டு. எண், சுமை எத்தனை அந்தர் (ஹண்ட்ரட்வெயிட்) என்பது: 15, 30, 60. அறுபது அந்தர் என்றால் மூன்று டன். எல் நீளச் சேஸ், எஸ் குட்டைச் சேஸ், எக்ஸ் ஆறு சக்கரமும் இழுப்பது. ஜிஎம்சியின் ஆறு சக்கர லாரியான சிசிகேடபிள்யூவும் இப்படித்தான்: முதல் சி 1941 வடிவமைப்பு, அடுத்த சி சாதா கேபின், கே முன்சக்கர இழுப்பு, டபிள்யூ பின்னால் இரட்டை இழுப்பு.

கேபினை வைத்து வருடத்தைப் பிடிக்கலாம். கனடா லாரியின் மூஞ்சி மொண்ணையாக, எஞ்சின் பாதி கேபினுக்குள் இருக்கும். முன்கண்ணாடி நேராக நின்றால் 1940, 41 காலத்து 11 அல்லது 12-ஆம் நம்பர் கேபின். கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் துருத்தி, அடிப்பக்கம் உள்வாங்கியிருந்தால் 1942-க்குப் பிந்தைய 13-ஆம் நம்பர். அமெரிக்க வண்டிகள் இடக்கை ஸ்டியரிங். அதை வலப்பக்கம் மாற்றியிருந்தால் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பில்) பழைய துவாரத்தை அடைத்த தகரம் தெரியும்.

உலகப்போர் என்று சொல்லி விற்கப்படும் பல வண்டிகள் அதற்குப் பிந்தியவை. ஜெர்மனியின் மான் (MAN) கம்பெனி உரிமத்தில் 1950-களின் கடைசியில் வந்த சக்திமான், அதன்பின் வந்த நிசான் ஒரு டன் இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு வண்டிகள். சந்தேகம் வந்தால் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அமெரிக்க, கனடா வண்டிகளில் எல்லாம் அங்குல நட்டு. 14 ஸ்பேனர் ஏறாமல் 9/16 கச்சிதமாக உட்கார்ந்தால் நல்ல அறிகுறி. 19-ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள், முக்கால் அங்குல நட்டில் அதுவும் சரியாகவே உட்காரும். இதே இடத்தில் ஒரு கண்ணியும் உண்டு: 5/16 அங்குலத் துளையில் எட்டு எம்எம் போல்ட் இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். "கொஞ்சம் டைட்" என்று முறுக்கினால் மரை போச்சு. போல்ட் கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோங்கள்.

வாங்குவதற்கு முன்பே ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் இரும்பில் உள்ளவையும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதி ஐம்பது வயது தாண்டிய இருசக்கர வண்டிக்கும், சொந்த உபயோகத்துக்கான ஆள் ஏறும் நான்கு சக்கர வண்டிக்கும்தான். சரக்கு லாரி அதற்குள் வராது. காகிதம் இல்லாத லாரியை வாங்கி, விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

எஞ்சின் சுற்றவே இல்லை

ஹேண்டில் போட்டுத் தொங்காதீர்கள். இழுத்து ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சுமார் 50 மில்லி டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். இடையில் இரண்டு முறை மறுபடி ஊற்றலாம். பிறகு ஃபிளைவீல் பல்லில் நெம்புகோல் வைத்து முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். ஒரு பல் அசைந்தால் போதும், அவசரம் இல்லை.

ஷெவ்ரலேயிலும் ஜிஎம்சியிலும் அசைப்பதற்கு முன் ராக்கர் மூடியைத் திறந்து ஒவ்வொரு வால்வையும் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். திறந்த நிலையில் துருப்பிடித்து நின்ற வால்வோடு எஞ்சினைச் சுற்றினால் புஷ் ராட் வளையும். ஃபோர்டு வி8-க்கும் டாட்ஜுக்கும் வால்வு பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட்டைக் கழற்றாமல் இப்படித் தட்டிப் பார்க்க வழி கிடையாது. கழற்றும்போது ஸ்டட் அறும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறது, கிளச் மிதித்தும் கியர் விழவில்லை என்றால் கிளச் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பெடலை மரக்கட்டையால் அழுத்தி வைத்து, ஆள் இல்லாத திறந்த வெளியில் செல்ஃபை விட்டுவிட்டுத் தட்டினால் பெரும்பாலும் விடும். அதற்கு முன் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

செல்ஃப் முனகுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட்டை விட இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட் கேபிளை மாட்டியிருந்தால் பாதி சக்தி கம்பியிலேயே சூடாகிப் போகும். 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு கேபிள் போடுங்கள். வெல்டிங் கேபிள் தாராளம். எர்த்தைச் சேஸில் கட்டாமல் கியர் பாக்ஸ் போல்ட்டில் நேராகக் கொடுங்கள்.

சோதனை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த் கம்பத்தில், கிளாம்பில் அல்ல, கம்பத்தில் வையுங்கள். மறுமுனை செல்ஃப் உடம்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. இதே மாதிரி மறுபக்கமும். இரண்டும் சரியாக இருந்தும் செல்ஃப் முனையில் நாலரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரி.

முன்பு யாரோ 12 வோல்ட்டாக மாற்றியிருந்தால் காயிலைத் தொட்டுப் பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் 6 வோல்ட் காயிலை ஓட்டினால் அது கொதித்துத் தார் ஒழுக்கும், பாயிண்ட்டும் கருகும். டீசல் எஞ்சின் மாற்றிய வண்டியில் இந்தக் குழப்பம் இல்லை. 1950-களில் சென்னை சிம்சன் செய்த பெர்கின்ஸ் பி6 ஏறிய லாரிகள் நம் பக்கம் உண்டு; அவை முழுக்க வேறு வயரிங்.

டைனமோ சார்ஜ் செய்யவில்லை என்றால், பேட்டரி கழற்றி மாட்டியபின் போலரைஸ் (டைனமோவின் காந்தத் துருவத்தைச் சரிப்படுத்துவது) செய்தீர்களா என்று பாருங்கள். ஷெவ்ரலே, ஜிஎம்சியின் டெல்கோ டைனமோவுக்கு ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு கணம் கம்பியால் தொட வேண்டும். ஃபோர்டில் அப்படிச் செய்யக் கூடாது. ஃபீல்டு கம்பியைக் கழற்றி, அந்தக் கம்பியைத்தான் பேட்டரி முனையில் ஒரு கணம் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் ரெகுலேட்டர் பாயிண்ட் வெல்டாகி ஒட்டும்.

பத்து மைல் ஓடி நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது

சித்திரை வெயிலில் வரும் புகாரில் முக்கால்வாசி இதுதான். காரணம் இரண்டில் ஒன்று: பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைக்கிறது, அல்லது சூட்டில் கண்டன்சரோ காயிலோ விழுகிறது. நின்ற அந்த நிமிடமே பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். ஏர் ஃபில்டரைத் தூக்கி, கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டரை அசையுங்கள். பெட்ரோல் பீய்ச்சினால் எரிபொருள் இருக்கிறது, கண்டன்சரை மாற்றுங்கள். வறண்டிருந்தால் ஆவி.

ஃபோர்டு வி8-இல் பெட்ரோல் பம்ப் மேனிஃபோல்டின் மேலேயே, எஞ்சினின் பின்தலையில் நிற்கும். அடுப்பின் மேல் வைத்த பாத்திரம் மாதிரி. ஷெவ்ரலேயில் பம்ப் பக்கவாட்டில். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சைலன்சர் குழாயை ஒட்டி ஓடும் பெட்ரோல் லைனைச் சேஸின் வெளிப்பக்கம் திருப்பி, பம்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் அலுமினியத் தகடு. இதிலும் அடங்காவிட்டால் டாங்க் அருகில் எலக்ட்ரிக் பம்ப். ஆனால் 4 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும் பம்ப் வேண்டாம். ஊசி வால்வு தாங்காமல் கார்புரேட்டர் வழிந்து, சூடான மேனிஃபோல்டில் கொட்டும். எஞ்சின் கேபினுக்குள் இருக்கிற வண்டி இது, நினைவிருக்கட்டும்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய டயஃப்ரம் ரப்பர் அதில் ஊதி வெடிக்கும். டாங்க்கின் அடித்துரு கழன்று வரும். கார்க் மிதவையில் பூசிய அரக்கு கரையும். எத்தனால் தாங்கும் டயஃப்ரம் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியில் டாங்க்கைக் காலி செய்யுங்கள், குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் நிற்கிற வண்டி என்றால் கட்டாயம். ஈரத்தை எத்தனால் இழுத்து அடியில் தண்ணீராக நிறுத்தும்.

ஆயில் முள் எழவே மாட்டேன் என்கிறது

இங்கேதான் நல்ல எஞ்சினைத் தேவையில்லாமல் பிரிக்கிறார்கள். ஷெவ்ரலேயின் 216 கன அங்குல எஞ்சினில் கனெக்டிங் ராடுக்குப் பம்ப் அழுத்தத்தில் ஆயில் போகாது. ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி இருக்கும். சம்ப்பில் உள்ள தொட்டியில் அது ஆயிலை மொண்டுகொள்ளும். அதனால் சூடாகி ஓட்டத்தில் இருக்கும்போது சுமார் 14 பிஎஸ்ஐ காட்டினாலே ஆரோக்கியம். ஐட்லிங்கில் முள் அடியை விட்டு எழுந்து நின்றால் போதும். "40 வர வேண்டும்" என்று ஆயில் பம்பில் ஸ்பிரிங் ஏற்றுவது வீண் வேலை.

ஆனால் மேலே இருப்பது 216 தானா? பிற்கால 235 எஞ்சின் அப்படியே அதே இடத்தில் உட்காரும். பிளக் இருக்கும் பக்கம் பாருங்கள். புஷ் ராட் தகர மூடி பிளாக்கிலிருந்து ஹெட்டின் மேல்வரை உயரமாகப் போய், பிளக்குகள் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தால் பழைய வகை. மூடி பிளாக்கோடு குட்டையாக நின்று, ராக்கர் மூடியை ஓரத்தில் நான்கு ஸ்குரு பிடித்திருந்தால் 1954-க்குப் பிந்தைய 235. அதற்கு முழு அழுத்தம் உண்டு. அதில் 14 காட்டினால் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும்.

216-இல் "டக் டக்" சத்தம் வந்தால் ஐட்லிங்கைவிடக் கொஞ்சம் கூட்டி, பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எர்த் செய்யுங்கள். எந்தச் சிலிண்டரில் சத்தம் மங்குகிறதோ அந்த ராட். பேரிங் ஓடு கிடையாது, ஈய வெள்ளை உலோகத்தை ராடிலேயே ஊற்றியிருப்பார்கள். தேய்மானம் குறைவென்றால் ராட் மூடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) எடுத்து இறுக்கி, கையால் சுற்றிப் பார்க்கலாம். பிடித்தால் ஷிம்மைத் திரும்பப் போடுங்கள். ஒரு ராடை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. வெள்ளை உலோகம் விரிசல் விட்டு உதிர்ந்திருந்தால் மறுபடி ஊற்றிக் கடைய வேண்டும்; ஷிம் உதவாது. கரண்டியின் வாய் சுற்றும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று பூட்டும்போதே பாருங்கள். திருப்பி மாட்டினால் அந்த ராடுக்கு ஆயில் கிடையாது.

வால்வு இடைவெளி 216-க்கு எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வால்வு 0.006, வெளிவால்வு 0.013 அங்குலம். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஜிஎம்சி, டாட்ஜ் ஆறு சிலிண்டருக்கும் அதுவே. ஃபோர்டு வி8-க்கு 1-5-4-8-6-3-7-2. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்து வலது வரிசை முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடது வரிசை 5 முதல் 8.

கொதிக்கிறது

ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்கு முன் டைமிங்கைப் பாருங்கள். தீப்பொறி தாமதமானால் எந்த ரேடியேட்டரும் தாங்காது. 216-இல் ஃபிளைவீலில் ஓர் எஃகு மணி பதித்திருக்கும். ஹவுசிங் ஜன்னலில் உள்ள முள்ளுக்கு நேரே அந்த மணி வரும்போது பொறி விழ வேண்டும். மணியைச் சுரண்டி வெள்ளை பெயிண்ட் தொட்டுவைத்தால் லைட் அடித்துப் பார்க்க எளிது.

அடுத்தது தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கும், திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கும் உள்ளே வித்தியாசம் நன்றாகத் தெரியும். உப்பு படிந்த பிளாக்கில் வடிகால் திருகைத் திறந்தால் தண்ணீரே வராது. கம்பி விட்டுக் குத்தினால் சேறு வரும். டாட்ஜில் இன்னொரு சங்கதி: தண்ணீர் பம்புக்குப் பின்னால் பிளாக்கின் நீளத்துக்கு ஒரு தகரக் குழாய் போகிறது. அது துருப்பிடித்து அரித்துப்போனால் முன் சிலிண்டர் குளிர்ந்து பின் சிலிண்டர் வேகும். மீட்டர் நார்மல் காட்டும்போதே ஐந்து, ஆறாம் பிளக் வெளுத்திருந்தால் அந்தக் குழாய்தான். பம்பையும் ரேடியேட்டரையும் கழற்றி முன்பக்கமாக இழுக்க வேண்டும். துண்டு துண்டாகத்தான் வரும்.

முன்சக்கர லிவர் வெளியே வர மறுக்கிறது

லிவரைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் நான்கு சக்கர இழுப்பில் ஓட்டினால் ஷாஃப்ட்டுகள் கயிறு போல முறுக்கேறி நிற்கும். பத்தடி பின்னால் எடுங்கள், அல்லது ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். படீரென்று சக்கரம் சுற்றி லிவர் தானாக விடும். சக்கரத்தின் பக்கம் கையை வைத்திருக்க வேண்டாம்.

தேரி மணலில் ஓட்டியும் இது நடந்தால் முன்னும் பின்னும் ஒத்துப்போகவில்லை. முதலில் டயர்: மூன்று டன் வண்டிக்கு 10.50-20 வந்தது. முன்னால் அது, பின்னால் சாதா லாரியின் 9.00-20 என்றால் வேறு காரணமே தேட வேண்டாம். டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்து நான்கையும் அளந்து பாருங்கள்.

டயர் சமமாக இருந்தால் யாரோ வேறு பல் எண்ணிக்கை உள்ள ஹவுசிங்கை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி, கியர் நியூட்ரலில், அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஜாயிண்ட் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அந்த எண்தான் ரேஷியோ. முன்னும் பின்னும் ஒரே எண் வர வேண்டும். கால் சுற்று வித்தியாசம் வந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாம் கியர் கறகறப்பது கோளாறு அல்ல. கனடா லாரிகளின் நான்கு கியர் பெட்டியில் சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது, இரட்டைக் கிளச் போட்டுத்தான், அதாவது நியூட்ரலுக்கு ஒரு தடவை, அடுத்த கியருக்கு ஒரு தடவை மிதித்துத்தான் ஓட்ட வேண்டும்.

பிரேக் விட மாட்டேன் என்கிறது

மாஸ்டர் சிலிண்டரைப் பிரிக்கும் முன் பெடலின் சும்மா ஆட்டத்தைப் பாருங்கள். கால் முதல் அரை அங்குலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதும் திரும்பாமல் சிறு துவாரத்தை அடைத்து, ஆயில் திரும்பி வராது. ஆட்டம் சரி, ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கிறது என்றால் அந்தச் சக்கரத்து ஹோஸ். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஊதி ஒருவழிக் கதவு மாதிரி ஆகியிருக்கும். நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் விட்டால் இதுதான்.

எல்லாச் சக்கரமும் பிடித்து, ரப்பர் கப்புகள் காளான் போல ஊதியிருந்தால் யாரோ பிரேக் ஆயிலுக்குப் பதில் எஞ்சின் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். கழுவினால் போகாது, ரப்பர் எல்லாம் புதிது, லைன் முழுதும் ஸ்பிரிட் விட்டு ஊதி எடுக்க வேண்டும். ஒரே சர்க்யூட் என்பதால் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போகும். ஹேண்ட் பிரேக் சரியாக்காமல் வண்டியை அசைக்க வேண்டாம். டிரம்மில் உள்ள தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங் ஆஸ்பெஸ்டாஸ். ஈரத் துணியால் துடைக்கவும்.

டயர் கழற்ற வேண்டும்

கனடா வண்டிகளிலும் ஜீப்பிலும் இரண்டு பாதியாகப் பிரியும் ரிம் வரும். சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டு தெரியும். உள்வட்டம் ஹப்பில் பிடிப்பது, வெளிவட்டம் ரிம்மின் இரு பாதியையும் பிடிப்பது. காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தளர்த்தினால் ரிம் பிளந்து ஆளை அடிக்கும். உயிர் போன கதைகள் உண்டு. வால்வு ஊசியைக் கழற்றி, உள்ளே கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று உறுதி செய்தபின்தான் வெளிவட்டத்தில் ஸ்பேனர் வைக்க வேண்டும். வெளிவட்ட நட்டுகளுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து வையுங்கள். பஞ்சர் கடைத் தம்பிக்கு வாயால் சொல்வதைவிட அது மேல்.

பெயிண்ட் உரித்தால் எந்த நிறம் என்றே தெரியவில்லை

மொத்தமாகச் சாண்ட் பிளாஸ்ட் போட்டுவிட்டால் வண்டியின் பழைய அடையாளமே போய்விடும். பானெட்டின் இரு பக்கமும் கதவின் உட்பக்கமும் உள்ளங்கை அளவு இடத்தில் 400-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வட்டமாகத் தேயுங்கள். மரத்தின் வளையம் போல ஒவ்வொரு பூச்சும் வளையமாகத் தெரியும்: மேலே லாரிக்காரர் அடித்த மஞ்சள், சிவப்பு, அடியில் பச்சையோ காக்கியோ. பானெட் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தின் நிழல் தட்டினால் உடனே நிறுத்திவிட்டுப் போட்டோ எடுங்கள். பிரிட்டிஷ் கணக்கில் எல் என்று தொடங்கினால் லாரி, இசட் என்றால் ஒரு டன்னுக்குக் கீழ்ப்பட்ட டிரக். அமெரிக்கக் கணக்கில் வெறும் எண்தான்: 20-இல் தொடங்கினால் ஜீப், 4-இல் தொடங்கினால் இரண்டரை டன் வகை.

உப்பளத்தில் ஓடிய வண்டி என்றால் நிறம் தேடுவதற்கு முன் சேஸ் பட்டியின் உட்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்கும் வரை சரி. பொத்தென்று ஒலித்த இடத்தில் சாக்பீஸ் குறி போட்டு, ஸ்குரு டிரைவரால் குத்துங்கள். உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி எடுத்துத் தட்டு வைத்து வெல்ட் செய்ய வேண்டும். மேலே தட்டு ஒட்டினால் இடுக்கில் உப்பு தங்கி இரண்டே மழையில் மறுபடி தின்னும். தேய்த்துப் பார்த்த இடங்களுக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.